ஒன்பதாவது படி

அந்த அலுவலகத்தில் எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். இவரை மட்டும் 'சார்' என்றார்கள். மரியாதைதான். நாற்பத்தொன்பது வயதில் புது வேலைக்கு வந்தவருக்கு அந்த மரியாதை கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது.

எட்டு மாதம் வேலையில்லாமல் வீட்டில் இருந்துவிட்டு வந்திருந்தார். லினக்ஸ் மட்டும் போட்ட வெறும் மடிக்கணினியைக் கையில் கொடுத்து, கம்பைலர் முதல் வேண்டிய கருவிகளையெல்லாம் நிறுவி, வெள்ளிக்கிழமைக்குள் கம்பெனியின் மென்பொருளை அதில் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். ஓடாவிட்டால் வேலை நிரந்தரமில்லை. பன்னிரண்டு படிகள் உள்ள குறிப்பு ஒன்றும் தந்தார்கள். தங்களுக்கெல்லாம் அரை நாள்தான் ஆனதாம்.

எட்டுப் படி சமர்த்தாக நடக்கும். ஒன்பதில் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. தன் கைதான் எங்கோ பிசகியது என்று மூன்று முறை எல்லாவற்றையும் அழித்து, அரைத்த மாவையே அரைத்தார். யாரிடமாவது கேட்கலாம்தான். 'சாருக்கு இதுகூடத் தெரியலையா' என்று நினைத்துவிட்டால்? வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டது. முதுகு விண்விண் என்று தெறித்தது.

மதியம் வேறு வழியில்லாமல், சிவப்பு எழுத்தை முதல் வரியிலிருந்து பொறுமையாகப் படித்தார். இல்லாத ஒரு ஃபோல்டரை அது தேடிக்கொண்டிருந்தது. ஃபோல்டருக்கு யாரோ ஒரு மனிதரின் பெயர். குழுத்தலைவியிடம் காட்டினார். இருபத்தெட்டு வயதுப் பெண், பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"அட, இவரா! இவர் போய் ரெண்டு வருஷம் ஆச்சு சார். எங்களுக்கெல்லாம் இவர் மெஷினை அப்படியே காப்பி பண்ணிக் கொடுத்தாங்க, இந்த ஃபோல்டரும் அதோட வந்துடுச்சு. உங்க லேப்டாப் புது மாடல், அதுல அந்தக் காப்பி ஏறாது."

"அப்போ இந்தக் குறிப்பு?"

"இவர் எழுதினதுதான். நாங்க யாரும் செஞ்சு பார்த்ததில்ல."

மூன்று நாள் தன்னைத்தானே திட்டிக்கொண்டதை நினைத்து அவருக்கு ஆத்திரம் வந்தது. அதைக் காட்டக்கூடத் தெம்பில்லை.

"வேற வேலை கிடைச்சுப் போயிட்டாரா?"

"இல்ல சார், அனுப்பிட்டாங்க. ரொம்ப நிதானமா வேலை பார்ப்பார். நாப்பத்தொம்பது வயசு, அதுக்கு மேல..." என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நீங்களும் அவர் பேர்ல ஒரு ஃபோல்டர் போட்டுடுங்க. உள்ள வேண்டியதை என் மெஷின்ல இருந்து எடுத்துத் தரேன். ஓடிடும்."

குறிப்பைத் திருத்தி முறையாகச் செய்ய இன்னும் இரண்டு நாளாவது வேண்டும். அந்த இரண்டு நாள் அவரிடம் இல்லை. முன்பின் பார்த்திராத அந்த மனிதரின் பெயரை எழுத்தெழுத்தாகத் தட்டினார். பன்னிரண்டாவது படியும் முடிந்து மென்பொருள் ஓடியது. யாரோ கை தட்டினார்கள்.

சாயங்காலம் மனைவி போன் செய்தாள்.

"என்னங்க, ஓடிடுச்சா?"

"ஓடிடுச்சு. வேலை நிரந்தரம்னு சொல்லிட்டாங்க."

"அப்புறம் ஏன் குரல் இப்படி இருக்கு?"

"இங்க முன்னாடி ஒருத்தர் இருந்திருக்கார். இன்னிக்கும் எல்லாம் அவர் பேர்லதான் ஓடுது. அவரை அனுப்பினப்ப என் வயசுதானாம்."



"சரி, கிளம்பி வாங்க" என்றாள்.