நொச்சி வாடை

"நல்ல காத்து இருக்கிற இடத்துக்குப் போயிட்டு வாங்க" என்றார் டாக்டர். நல்ல காற்றை ரேஷனிலா போடுகிறார்கள் என்று கேட்க வாய்வரை வந்தது. என் கணவருக்கு எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை. படியேறினாலே மூச்சு இளைக்கத் தொடங்கியிருந்தது. அவருக்கு எப்படியாவது குணமாகிவிட வேண்டும் என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறு நினைப்பே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் திருவொற்றியூரில் ரயிலேறி, பொன்னேரியில் இறங்கி, வாடகை சைக்கிள் எடுப்போம். அங்கிருந்து சற்றுத் தூரத்தில், வனத்துறை வேலி போட்டுக் காத்துவந்த புதர்க்காடு. மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. நடக்கலாம், சைக்கிளில் போகலாம். முதல் தடவை, மூச்சு வாங்கினாலும் பிடிவாதமாக அவரே மிதித்தார். நான் கேரியரில் உட்கார்ந்திருந்தேன்.

காட்டுக்குள் ஒரு வளைவில் சுரீரென்று ஒரு வாடை மூக்கில் ஏறியது. எங்கள் தெருவில் காற்று திசை மாறித் தொழிற்சாலைக் கேஸ் வாடை வந்தால் யாரும் கூச்சல் போட மாட்டோம். துணியை நனைத்து மூக்கில் வைத்துக்கொள்வோம், அவ்வளவுதான். கை அதற்குப் பழகியிருந்தது. பாட்டில் தண்ணீரில் துண்டை நனைத்து, பின்னாலிருந்தே அவர் மூக்கைப் பொத்திவிட்டேன். சைக்கிள் கோணிக்கொண்டு புதருக்குள் போய் நின்றது.

அவர் துண்டை விலக்கினார். "இன்னாமே நீ, நல்ல காத்துக்குன்னு இட்டாந்துட்டு மூக்கப் பொத்துற? இது நொச்சிமே. ஆவி புடிப்போமே, அந்தத் தழை." சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. எனக்கு மானம் போயிற்று.

மழைக்காலம் முடிந்து மறுபடி அங்கே போனபோது நான் மிதித்தேன். "எம் பொண்டாட்டி ஓட்றா, நான் ஜம்முனு குந்திகினு வரேன்" என்று எதிரே வந்தவர்களிடம் அவரே சொல்லிக்கொண்டார். அவர்கள் கேலி செய்யுமுன் முந்திக்கொள்ளத்தான். வாரத்துக்கு வாரம் கேரியரில் பாரம் குறைந்துகொண்டே வந்தது. மிதிப்பது சுலபமாக ஆக ஆக நான் மெதுவாக மிதித்தேன்.

கோடை வருவதற்குள் அவர் போய்விட்டார்.

ஒரு வருடம் கழித்துத் தனியாகப் போனேன். வீட்டில் இருக்க முடியவில்லை, வேறு காரணம் இல்லை. அதே வளைவில் அதே வாடை. நொச்சி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சைக்கிளை நிறுத்தி, துண்டை நனைத்து, பின்னால் திரும்பி நீட்டினேன்.

காலி கேரியர்மேல் தண்ணீர் சொட்டியது. துண்டை என் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன்.