கடைசி ஓவர் மகாராஜா

அபுதாபி பக்கம் ருவைஸில் என் அறைத்தோழன் ஒருவன், ஞாயிறு மாலைக் கிரிக்கெட்டில் கடைசி ஓவர் வீசத் தொடங்கினான். தொடர்ந்து ஜெயித்தோம். பயலுக்குத் தலைகால் புரியவில்லை. ஃபீல்டிங்கூட நிற்காமல் பிக்கப் வண்டியில் ஏசி போட்டு உட்கார்ந்திருப்பான். கடைசி ஓவருக்கு மட்டும் இறங்குவான். அறையில் அவன் சமையல் முறை வந்தால், "வெங்காயம் வெட்டுனா பந்து போடுற விரல் போயிரும்ணே, நீங்களே வெட்டிருங்க" என்பான். வெட்டித் தொலைத்தேன்.

அவன் முதுகுக்குப் பின்னால் இறங்கும் சூரியன்தான் எதிரணியின் கண்ணைக் கூசவைத்து விக்கெட் எடுத்தது. அது அந்த மகாராஜாவுக்குத் தெரியாது. ஒரு ஞாயிறு தூசி கிளம்பிச் சூரியனை மறைத்தது. அவனை வெளுத்துக்கட்டிவிட்டார்கள், தோற்றோம்.

மறுநாள் அவனே வெங்காயத்தோடு உட்கார்ந்திருந்தான்.

"விரல் பத்திரம்டா" என்றேன்.

வெங்காயத்தையாவது ஒழுங்காக வெட்டினானா என்றால், அதுவும் இல்லை.