இடது கைப் பக்கம் தண்ணீர்

நேற்று வண்டியைக் கழுவும்போது பின் மட்கார்டுக்கு உள்ளேயிருந்து ஒரு கட்டி செம்மண் விழுந்தது. திருவொற்றியூரில் செம்மண்ணுக்கு வேலையே கிடையாது. எங்கள் தெருவில் கிடைப்பது உப்பு மணல், லாரி டயர் அரைத்துப் போட்ட கறுப்புத் தூள், மழை பெய்தால் இரண்டும் கலந்த ஒரு கஞ்சி. அதனால் தண்ணீர் பட்டதும் எழுந்த வாசனை தெருவுக்கே புதுசாக இருந்தது. எதிர்வீட்டு நாய் வந்து மோந்து பார்த்துவிட்டு, பிடிபடாமல் போய்விட்டது. எந்தப் பயணத்து மண் என்று என்னாலும் சொல்ல முடியவில்லை. குழாயை மூடிவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

மண் பாதை தேடிப் பைக் ஓட்டும் இந்தப் பைத்தியம் பிடித்த இடம் எண்ணூர் ரோடு. கண்டெய்னர் லாரிகள் துறைமுக கேட்டில் தொடங்கி வரிசை கட்டி நிற்கும், வரிசை எங்கே முடிகிறது என்று யாருக்கும் தெரியாது, அந்த நாட்கள். காலேஜ் முடித்து ஒரு கண்டெய்னர் யார்டு ஆபீசில் சேர்ந்த புதிது. எந்த லாரி எந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு எப்போது கிளம்பும் என்று திட்டம் போடுவது என் வேலை. நான் திட்டம் போட்ட லாரிகள் அத்தனையும் என் கண்ணெதிரே அசையாமல் நிற்கும். அவற்றின் சக்கரங்களுக்கும் கடல் தடுப்புப் பாறைகளுக்கும் நடுவில் ஒரு பைக் நுழைகிற அகலத்துக்கு ஒரு தடம் உண்டு. பள்ளம், சேறு, உடைந்த கான்கிரீட், அலை நனைத்த மணல் எல்லாம் அதில் கிடைக்கும். நானும் வின்சென்ட்டும் அதில்தான் தினமும் வேலைக்குப் போனோம். வின்சென்ட் ராயபுரத்துக்காரன், என்னோடு படித்தவன், துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன்.

ஒரு மழைக்காலக் காலையில், முட்டி வரைக்கும் சேற்றோடு, வண்டியை ஓரம் கட்டிவிட்டு அவன் போனை நீட்டினான். அதில் விலையுயர்ந்த சட்டை போட்ட ஒருவர் எங்கோ ஒரு மலையில் ஒரு சின்னச் சேற்றுக் குட்டையைப் பைக்கில் தாண்டிக்கொண்டிருந்தார். பின்னால் இசை முழங்கியது.

"இன்னா மாமு இது? இத்தத்தான நாம டெய்லி டூட்டிக்குப் போவசொல்ல பண்ணிகினு கீறோம்? இவுருக்கு மட்டும் மூசிக்கு போடறானுங்கோ!"

நான் சிரிக்கவில்லை. சேற்றில் நின்றபடியே எனக்குள் வரைபடம் விரிய ஆரம்பித்துவிட்டது. அவன் சொன்னது உண்மை. பயிற்சி எங்களிடம் இருந்தது. ஊர்தான் பாக்கி.

மூன்றாவது ஆள் புவனா. என் ஆபீசில் பில் போடுகிறவள், புளியந்தோப்பு. டீ நேரத்தில் நாங்கள் பேசியதைக் கேட்டுவிட்டு, "எங்க போறீங்கன்னு நான் கேக்கல. என்னிக்கின்னு மட்டும் சொல்லு" என்றாள். அவள் ஓட்டியது அண்ணனின் வண்டி. அண்ணன் மணலியில் ஒரு தொழிற்சாலையில் நைட் ஷிப்டு. சனிக்கிழமை அவருக்கு லீவு, ஞாயிறு இரவு மறுபடி டூட்டி. வண்டியை அவர் கொடுத்தார், ஒரே ஒரு நிபந்தனையோடு: "நாயித்துக்கெழம நான் டூட்டிக்குக் கெளம்பசொல்ல வண்டி வூட்டாண்ட நிக்கணும். நிக்கல, அப்பால சாவிய நீ கனவுலதான் பாப்ப."

திட்டம் போடுவது என் மொட்டை மாடியில். நீங்கள் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறீர்களா? அது ஒரு தனி போதை. ஆற்றுப் படுகை வெள்ளையாகத் தெரிந்தால் மணல், சாம்பலாகத் தெரிந்தால் கல். காட்டு நடுவில் ஒரு பச்சைச் சதுரம் தெரிந்தால் அங்கே கிணறு இருக்கிறது, கிணறு இருந்தால் ஆள் இருக்கிறார். எவன் வண்டியில் டேங்க் சின்னதோ அவன் வண்டிதான் பாதையை முடிவு செய்யும். வாரம் முழுக்க நகராத லாரிகளுக்குப் பாதை போட்டுக்கொண்டிருந்தவனுக்கு, போட்ட பாதையில் நிஜமாகவே வண்டி போவதைப் பார்ப்பது எவ்வளவு பெரிய சுகம் என்று சொல்லத் தேவையில்லை.

போகும்போது ஒரு வழக்கம் வைத்திருந்தோம். முன்னால் போகிறவன் நான். பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் எனக்கு அடுத்து வருகிற வின்சென்ட் வண்டியை நிறுத்திவிட்டு, நான் போன திசையில் கையை நீட்டிக்கொண்டு நிற்பான். கடைசி ஆளான புவனா வந்து சேரும்வரை அசைய மாட்டான். கடைசி ஆள் எந்தக் காரணத்துக்காகவும் முந்தக் கூடாது. மூன்றே பேருக்கு இத்தனை சட்டமா என்று கேட்காதீர்கள். செம்புழுதியில் கொஞ்சம் பின்தங்கினால் போதும், முன்னால் போனவன் பிறக்கவே இல்லை என்பது போல ஆகிவிடும்.

இன்னொரு பழக்கமும் இருந்தது, அதை நாங்கள் பழக்கம் என்றே அறிந்திருக்கவில்லை. எங்கள் பக்கம் வடக்கு தெற்கு என்று யாரும் பேச மாட்டார்கள். கடல் பக்கம், ரயில் பக்கம், அவ்வளவுதான். "கட்டில கடல் பக்கம் தள்ளிப் போடு" என்றுதான் என் அம்மா வீட்டுக்குள்ளேயே சொல்வார். வின்சென்ட் வீட்டில் சாம்பார்ச் சட்டிகூட அடுப்பில் கடல் பக்கம்தான் இருக்கும். பெரிய தண்ணீரைப் பார்த்தால் அது கிழக்கு. அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

பழவேற்காடு, நாகலாபுரம் எல்லாம் முடித்துவிட்டு, ஒரு கோடையில் கடப்பா மலைகளுக்கு இந்தப் பக்கம் போனோம். சனிக்கிழமை பிரமாதம். ஞாயிறு உச்சிவேளையில் மலையிறங்கி ஒரு பெரிய நீர்த்தேக்கத்தின் கரைக்கு வந்தோம். கரையோரம் மண் பாதை இரண்டு பக்கமும் ஓடியது. தெற்கே போனால் தார் ரோடு, தார் ரோட்டைப் பிடித்தால் வீடு. வெயில் தாங்காமல் என் போன் தானாக அணைந்திருந்தது. வரைபடம் அதில் மட்டும்தான். சூரியன் நேர் தலைக்கு மேல், நிழல் காலுக்கடியில்.

"போன் ஆறட்டுமா?" என்றாள் புவனா.

"தண்ணி தெர்தில்ல, அப்பால இன்னா?" என்றான் வின்சென்ட். எனக்கும் அதே தெளிவுதான். தெற்கே போகிறவனுக்குக் கடல் இடது கைப் பக்கம் இருக்க வேண்டும். காசிமேட்டிலிருந்து பாரிமுனைக்குப் போனால் அப்படித்தானே இருக்கும்? தண்ணீரை இடது கைப் பக்கம் விட்டுக்கொண்டு கிளம்பினேன். அத்தனை நிச்சயத்தோடு நான் வேறெப்போதும் வண்டி ஓட்டியதில்லை. பாதை அருமை. நீர்த்தேக்கத்திலிருந்து விரல் மாதிரி உள்ளே நீண்டிருந்த, கோடையில் வற்றிப்போன ஓர் ஓடையைச் சுற்றி வளைந்து போனது. எழுந்து நின்று ஓட்டினேன். பாடினேன்கூட.

பின்னால் ஹாரன் அலறியது. புவனா வின்சென்ட்டை முந்தி, என்னையும் முந்தி, குறுக்கே வண்டியைப் போட்டு நிறுத்தினாள். கடைசி ஆள்! முந்தக் கூடாத ஆள்! நான் கத்த வாயெடுத்தேன்.

"மாமு, உன்ன ஒண்ணு கேக்கறேன். உங்க ஊரு கடல்ல சூரியன் எறங்குமா, ஏறுமா?"

"ஏறும்."

"அத்தப் பாரு."

பார்த்தேன். சூரியன் சாய்ந்து தண்ணீருக்கு மேலே நின்றது. சாயங்காலம் ஆனால் அதில்தான் முழுகப் போகிறது. வின்சென்ட் ஹெல்மெட்டைக் கழற்றி, சூரியன் ஏதோ தப்பு செய்துவிட்டது போல அதையே முறைத்தான். தண்ணீர் மேற்கில் இருந்தது. நாங்கள் வடக்கே, வீட்டுக்கு எதிர்த்திசையில், பாட்டுப் பாடிக்கொண்டு போய்க்கொண்டிருந்தோம்.

"எங்க ஏரியால கடல் தெரியாது. அதான் எனக்குப் புத்தி நல்லா கீது," என்றாள். சிரித்தாள், ஆனால் கை ஹாண்டில்பாரை விடாமல் இறுக்கிப் பிடித்திருந்தது. அண்ணன் டூட்டிக்குக் கிளம்பிவிடுவார். வந்த வழியே திரும்பினால் எப்படியும் நேரத்துக்குச் சேர முடியாது என்று மூன்று பேருக்கும் தெரியும்.

"அந்த ஓடையைச் சுத்தி வந்தோமே, குறுக்கால உள்ள எறங்கினா?" என்றேன். அதற்குள் புவனா வண்டியைத் திருப்பியாயிற்று. இந்த முறை முன்னால் அவள்.

ஓடையின் தரை மேலே பாளம் பாளமாக வெடித்துக் காய்ந்திருந்தது, அடியில் இன்னும் ஈரம். நின்றால் புதையும். "நிக்காத! லாரி டயராண்ட போற மாதிரியே போ!" என்று வின்சென்ட் பின்னாலிருந்து கத்தினான். புவனா நிற்கவே இல்லை. அவள் சக்கரம் உடைத்துப்போட்ட கோட்டிலேயே வின்சென்ட் போனான். நான் மட்டும் கொஞ்சம் அழகாக ஓட்டிப் பார்க்கலாம் என்று விலகி, எண்ணூர் ரோட்டில் ஒருநாளும் விழாதவன், அங்கே முகம் குப்புற விழுந்தேன். இரண்டு பேரும் வந்து வண்டியைத் தூக்கினார்கள், என்னைத் தூக்கவில்லை. அக்கரை ஏறியபோது மூன்று வண்டியும் ஒரே நிறம்.

அப்புறம் தார் ரோடு, நெடுஞ்சாலை, புழல் ஏரி. ஏரியைப் பார்த்ததும் வின்சென்ட் பக்கத்தில் வந்து, "மாமு, கிழக்கு!" என்று கையை நீட்டினான்.

புளியந்தோப்பில் தெருமுனைக்கு நாங்கள் திரும்பியபோது அண்ணன் சாப்பாட்டுப் பையோடு ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். ஆட்டோ நின்றுவிட்டது. அவர் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டார். புவனா ஆட்டோவுக்கு முன்னால் போய் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமலே இறங்கினாள்.

அண்ணன் காலை வெளியே எடுத்தார். வண்டியைச் சுற்றி வந்து, செயின் கவரில் அப்பியிருந்த மண்ணை விரலால் தட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? வண்டி ஓட்டினியா, ஏர் ஓட்டினியா?"

"டைமுக்கு வந்துட்டன்ல?"

அவர் துண்டால் சீட்டைத் துடைத்துவிட்டு, அந்தச் சேற்றோடே மணலிக்குப் போனார். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தோம்.

விஷயம் மறுநாள் தெரிந்தது. தொழிற்சாலை வண்டி ஸ்டாண்டில் மண் உதிர்ந்து கிடக்க, கூட வேலை செய்கிறவர்கள் விசாரிக்க, அண்ணன் கதையைச் சொல்லியிருக்கிறார். சொல்லச் சொல்ல, ஓடையைத் தாண்டியது அவரே என்று ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் தங்கையிடம், "அடுத்த தபா நானும் வரேன்" என்றாராம்.

"நீ எதுல வருவ?"

"இன்னா கேள்வி இது? என் வண்டிலதான்."

ஆபீசில் இதைச் சொல்லிவிட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மேஜை டிராயரை மூடியது மட்டும் கொஞ்சம் பலமாகக் கேட்டது. அடுத்த மூன்று பயணங்களுக்கு அண்ணன் வந்தார், அவள் வரவில்லை. அவள் மொட்டை மாடிக்கு மட்டும் வந்து, என் பாதைகளில் ஓட்டை கண்டுபிடித்துவிட்டுப் போவாள். சொந்தமாக ஒரு பழைய வண்டியை வாங்கி அவள் திரும்பி வந்த அன்று, யாரும் சொல்லாமலே நான் இரண்டாம் இடத்துக்கு நகர்ந்துகொண்டேன்.

அந்த நீர்த்தேக்கத்துக் கரைப் பாதை இப்போது தார் ரோடு, மஞ்சள் கோடு வேறு. நால்வர் போனிலும் வரைபடம் இருக்கிறது, ஹெல்மெட்டுக்குள் பேசிக்கொள்ளும் கருவி இருக்கிறது, வழி தவறினால் காதுக்குள்ளேயே திட்டு விழுகிறது. பிரிவில் ஆள் நிறுத்துகிற வழக்கம் போய்விட்டது. நல்லதுதான். ஆனால் பாதை பிரிகிற இடத்தில், புழுதி அடங்கிய பிறகு, கையை நீட்டிக்கொண்டு தனியாக நின்றிருக்கிறீர்களா? தொலைவில் ஒரு எஞ்சின் கேட்கும். அது நம்மவளுடைய வண்டியா என்று சத்தத்தை வைத்தே தெரியும். இப்போது அந்தச் சத்தத்தைத் தனியாகப் பிரித்துக் கேட்க எனக்கு வரவில்லை.

அடுத்தது மேற்குக் கரை. முடிந்தவரை தார் தொடாமல், கர்நாடகத்தின் குறுக்காக. பாதை புவனா போட்டது. மலைத்தொடர் வரைக்கும் கோடு சுத்தமாக இருக்கிறது. அதற்கு அப்பால் எந்தப் படத்தைத் திறந்தாலும் மேகம் மூடியிருக்கிறது.

"இங்க எப்டிப் போவோம்?" என்று அண்ணன் கேட்டார்.

"போனா தெரிஞ்சிரும்," என்றாள்.

தை பிறந்ததும் கிளம்புகிறோம்.