மணி அடிக்கும் பேய்

அலுவலகக் கணினிச் சேர்வர் திரும்ப இயங்கும்வரை, பேராலயப் பேய்ப்படம் ஒன்றுக்கு வந்த கருத்துகளை வாசித்தேன். பயந்தவர்கள், தூங்கியவர்கள், சிரித்தவர்கள் என்று மூன்று வகை. "பேய் விடாம மணி அடிக்குதாம், சிரிச்சே செத்தன்" என்றார் ஒருவர்.

முல்லைத்தீவில் எங்கள் மாதா கோயில் மணியை அம்மா அப்படித்தான் அடித்தார். மழைமூட்டத்தில் கரை தெரியாத வள்ளங்கள் அந்தச் சத்தத்தைப் பிடித்து வரும். அப்பாவின் வள்ளம் மட்டும் வரவில்லை. நாள்தோறும் அடித்ததில், ஈரக் கயிறு அம்மாவின் உள்ளங்கையை உரித்திருந்தது. நான் அவர் சட்டையைப் பிடித்தபடி நின்றேன்.

கடைசியில், வழக்கமாக மணி அடிக்கும் சவிரி மாமா வந்தார்.

"கயித்தைத் தாங்கோ அக்கா. துக்க மணி அடிக்கவேணும்."

"உனக்கென்ன விசரே? அதைக் கேட்டா, தான் செத்திட்டனெண்டு நினைச்சு அவர் திரும்பிப் போயிடுவார்."

படத்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று திரை கேட்கிறது. அப்பாவுக்கு இன்றுவரை துக்க மணி அடிக்கவில்லை.