முகம் வரையாத படம்

அன்றைக்கு நான் ஒருவனின் பல்லை உடைத்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என்னை நல்லவன் என்று நினைத்து யாரும் ஏமாற வேண்டாம். சவுக்குக் கழியைச் சுழற்றினேன், அவன் வாயில் பட்டது, ரத்தத்தோடு இரண்டு பற்களைத் துப்பினான். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பத்தொன்பது வயது. எழுபதுகளின் கடைசி. மெட்ராஸில் ஓவியக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன், லீவுக்கு ஊருக்கு வந்திருந்தேன்.

பழவேற்காடு ஏரியில் எந்தக் குப்பம் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்திருந்தோம். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். அன்றைய பாடு எங்களுடையது. போய்ப் பார்த்தால் எதிர்க் குப்பத்துக்காரர்கள் எங்கள் இடத்தில் கழி நட்டு வலை கட்டியிருக்கிறார்கள். முதலில் வாய்ச்சண்டைதான். எங்கள் ஆள் ஒருவர் அவர்கள் வலையைக் கத்தியால் கிழித்தார். அதற்குப் பிறகு பேச்சே இல்லை. இடுப்பளவு தண்ணீரில் ஐம்பது அறுபது பேர். சேறு கலங்கி, யார் கை யார் தலை என்று தெரியவில்லை. ஒருவன் இன்னொருவனை முடியைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கிக்கொண்டிருந்தான். ஒருவருக்குக் காது கிழிந்து தொங்கியது, அது தெரியாமலே அவர் அடித்துக்கொண்டிருந்தார்.

என் அக்கா புருஷன், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், எங்கள் படகின் முனையில் நின்றிருந்தார். நான் அதே படகின் பின்பக்கம் இருந்தேன். கீழே ஒருவர் எங்களுக்கு முதுகு காட்டி நின்று எங்கள் ஆளின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தார். மாமா இரண்டு கையாலும் கழியைத் தூக்கினார். ஒரே அடி. மண்டை உடைகிற சத்தம் நாம் நினைக்கிற அளவு பெரிதல்ல. அந்த ஆள் குப்புற விழுந்தார், எழவில்லை. மாமா திரும்பி என்னைப் பார்த்தார்.

"பாத்தியா?"

"இல்ல மாமா" என்றேன்.

மறுநாள் போலீஸ் வந்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி, குப்பத்துப் பஞ்சாயத்து கூடிப் பேசி ஏழு பெயரைக் கொடுத்தது. அக்கா நிறைமாதமாக இருந்ததால் அதில் மாமாவைச் சேர்க்கவில்லை. அடித்தது யார் என்று எதிர்க் குப்பத்துக்குத் தெரியாது. செத்தவருக்கு முதுகில் கண் இல்லை, மற்றவர்கள் அவரவர் அடியை வாங்கிக்கொண்டிருந்தார்கள். பொன்னேரி கோர்ட்டில் சாட்சிகள் ஆளுக்கொன்று சொல்ல, ஏழு பேரும் விடுதலை. செத்தவரின் தம்பி கோர்ட் வாசலிலேயே மண்ணை வாரித் தூற்றிக் கத்தினான்.

"எவன்னு மட்டும் தெரியட்டும். அன்னிக்கு இருக்குது அவனுக்கு!"

அதிலிருந்து மாமா உயிரோடு இருந்தது, யாருக்கும் தெரியாது என்கிற அந்த ஒன்றினால்தான்.

நான் மெட்ராஸுக்குத் திரும்பி அதையே வரைந்தேன். வேறு எதை எடுத்தாலும் கை ஓடவில்லை. ஆறடி கேன்வாஸில் சேற்று நிறத்தை அறைந்து அறைந்து பூசினேன். மேலே ஒருவன் கழியை ஓங்கி நிற்கிறான், கீழே ஒரு முதுகு, சுற்றிலும் கைகளும் தலைகளும். யாருக்கும் முகம் கிடையாது. அப்போது முகமில்லாமல் வரைந்தால்தான் நவீனம் என்று எங்களுக்குள் ஒரு எண்ணம். எனக்கு அது வசதியாகவும் போயிற்று.

படத்தை ஒரு கேலரியில் மாட்டினார்கள். பட்டுப்புடவையும் ஜிப்பாவுமாக வந்தவர்கள், என்ன வேகம், என்ன வேகம் என்றார்கள். ஓர் அம்மாள், இது மனிதனுக்கும் இயற்கைக்கும் நடக்கிற போராட்டமா என்று கேட்டார். இல்லைங்க, இறாலுக்காக மனுஷனும் மனுஷனும் அடித்துக்கொள்வது என்றேன். நான் ஜோக் அடிப்பதாக நினைத்துச் சிரித்தார்கள். கையில் கழி இல்லாதது அவர்கள் அதிர்ஷ்டம். ஆனால் வந்தவர்கள் எல்லோரும் ஒரே இடத்தைத்தான் காட்டிப் பாராட்டினார்கள், மேலே நிற்கிறவனின் வலது காலை. மாமாவுக்குச் சின்ன வயதில் திருக்கை மீனின் முள் ஏறி அந்தப் பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிவிட்டிருந்தது. அவர் படகில் நின்றால், அந்தக் கால் மட்டும் வேறு எங்கோ கிளம்புகிற மாதிரி இருக்கும்.

படிப்பு முடிந்து, இறால் ஏற்றுமதி செய்கிற ஒரு கம்பெனிக்குப் பெட்டியும் லேபிளும் டிசைன் செய்யும் வேலைக்குப் போனேன். முதலாளிக்கு அந்தப் படம் பிடித்துவிட்டது, கம்பெனி காலண்டரில் அதையே போடச் சொன்னார். எழுத்து அமைத்ததும் நான்தான். என் படம் முதன்முதலாக அச்சில் வந்தது அப்போதுதான். ஒரு கட்டு எடுத்துக்கொண்டு ஊருக்கு ஓடினேன்.

நைனா, என் அப்பா, காலண்டர் ஒன்றை விரித்துப் பார்த்தார்.

"இன்னாடா இது?"

"நான் வரஞ்சது நைனா. மூஞ்சியே இல்ல பாரு, யாருக்கும் தெரியாது."

"மூஞ்சி இன்னாத்துக்குடா? கால் இருக்குதே. கொளுத்திடு எல்லாத்தையும்."

ஏரியில் பிழைப்பவர்கள் ஆளை முகத்தால் அடையாளம் கண்டுகொள்வதில்லை. அரை மைலுக்கு அப்பால் படகில் நிற்கிறவனின் முகம் எங்கே தெரியும்? இடுப்பை எப்படி வைக்கிறான், கழியை எப்படி ஊன்றுகிறான், கால் எங்கே இருக்கிறது, அதை வைத்துத்தான் இன்னார் என்று சொல்வோம். இது தெரியாதவனா நான்? ஆனால் அன்றைக்கு என் காதில் விழுந்தது "கொளுத்திடு" மட்டும்தான். இத்தனை வருஷத்தில் நீ என்ன படிக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்காதவர், கொளுத்தச் சொல்கிறார். கோபம் தலைக்கேறியது. நேராகப் படகுத்துறைக்குப் போய், இரண்டு குப்பத்தாரும் இறால் போடுகிற ஐஸ் கடையின் சுவரில் நானே ஆணி அடித்து மாட்டினேன்.

மூன்றாம் நாள் காலையில் நான் கடையில் இருந்தபோது செத்தவரின் மனைவி கூடையோடு வந்தாள். இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தவள் காலண்டரைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். யார் வரைந்தது என்று கேட்டாள். கடைக்காரர் பெருமையாக என்னைக் காட்டினார்.

"இது உங்க அக்கா புருஷன் காலுதான?"

"சும்மா டிசைன்மா அது" என்றேன்.

"கீழ நிக்கிறது எங்க ஊட்டுக்காரரு" என்றாள். "முதுவ நல்லாத்தான் வரஞ்சிருக்க."

கூடையை அப்படியே விட்டுவிட்டுப் போனாள். நான் வீட்டுக்கு ஓடினேன். மாமா விடியற்காலையிலேயே ஏரிக்குப் போயிருந்தார். கரையோடு ஓடினேன். அவர் படகு வருவது தூரத்தில் தெரிந்தது, அந்தக் காலைப் பார்த்துத்தான் எனக்கும் தெரிந்தது. வராதே என்று கத்தினேன். காற்று எதிர்ப்பக்கம். அவர் கையசைத்தார்.

குறுக்கு வழியென்று ஏரியில் இறங்கி நான் போய்ச் சேருவதற்குள் தம்பிக்காரனும் இரண்டு பேரும் தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். முதல் வெட்டு தோளில் விழுந்தது. படகிலிருந்து இழுத்துக் கரையில் போட்டு, இரண்டு பேர் மார்பில் ஏறி உட்கார்ந்தார்கள். தம்பி அவருடைய வலது காலைப் படகின் விளிம்பில் தூக்கி வைத்தான். இடுப்பளவு தண்ணீரில் ஓட முடியாது, எவ்வளவு கதறினாலும் முடியாது. மூன்று வெட்டு. மாமா போட்ட சத்தம் மனுஷச் சத்தமாகவே இல்லை.

"உசுரு வேணாம்டா. கால் போதும்" என்றான் தம்பி, என்னைப் பார்த்து. பாதம் மணலில் தனியாகக் கிடந்தது. நான் என் சட்டையைக் கிழித்து மாமாவின் காலைக் கட்டினேன், கட்டக் கட்ட நனைந்தது.

பிழைத்துக்கொண்டார். ஆனால் அதற்கப்புறம் படகில் நிற்கவில்லை. அக்கா என்னோடு பேசுவதை விட்டுவிட்டாள். ஒருநாள் நான் மட்டும் பக்கத்தில் இருந்தபோது மாமா கேட்டார்.

"ஏன்டா, அந்தக் கால நேராப் போட்டிருக்கக் கூடாதா?"

"தெரியாம வந்துடுச்சு மாமா."

"சரி உடு. படம்னா அப்பிடித்தான் போல" என்றார். நம்பிவிட்டார். இன்னும் நம்பிக்கொண்டுதான் இருக்கிறார்.

அது பொய். கேலரிக்குக் கொடுப்பதற்கு முன்பே பயந்துபோய் அந்தக் காலை நேராக்கினேன். ஒருநாள் முழுக்க அப்படியே வைத்துப் பார்த்தேன். படம் செத்துக் கிடந்தது. யாரோ ஒருவன் கழியைத் தூக்கி நிற்கிறான், அவ்வளவுதான். மறுநாள் ஈரம் காய்வதற்குள் துணியால் துடைத்துவிட்டு, பாதத்தை மறுபடியும் வெளிப்பக்கம் திருப்பினேன். உடனே உயிர் வந்துவிட்டது. அப்போது எனக்கு வந்த சந்தோஷம், அவன் பல்லை உடைத்தபோது வந்ததே, அதே சந்தோஷம்.