கரண்டி நின்ற தேன்

கண்டிப் பக்கத்து அலவத்துகொடவில் ஷஹ்மா வீடு எது என்று கேட்டால் எந்த ஷஹ்மா என்று திருப்பிக் கேட்பார்கள். தேன் ஷஹ்மா என்றால் கேள்வி இல்லை. திரீவீல்காரர் நேரே கொண்டுவந்து படலையில் இறக்கிவிடுவார்.

அந்தப் பெயரை அவளேதான் உண்டாக்கிக்கொண்டாள். கல்யாணமான புதிதில் மொட்டைமாடியில் கசாயத்துக்கு வில்வம்பூவும் ஆவாரம்பூவும் காயவைத்துப் பொட்டலம் கட்டி அக்கம்பக்கத்தில் விற்றாள். பிறகு தெல்தெனியப் பக்கத்துக் காட்டுத் தேன். பிறகு போன் வந்தது. வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு போனில் லைவ். கண்டியில் இரும்புக் கடையில் வேலை செய்யும் கணவன் றிஸ்வி அன்றைக்கு மட்டும் நேரத்தோடு வந்து போனைப் பிடிப்பான். அக்குறணையிலிருந்து காத்தான்குடி வரைக்கும் பெண்கள் அடுப்பைக் குறைத்துவிட்டுத் தங்கள் போன் முன்னால் வந்து உட்காருவார்கள்.

தேனைப் பார்க்க அல்ல, அவள் தேனைச் சோதிப்பதைப் பார்க்க. நெருப்புக்குச்சியின் தலையைத் தேனில் முக்கி உரசுவாள். குப்பென்று பற்றும். "சீனியெண்டா பத்துமா? செல்லுங்க!" கிளாஸ் தண்ணீரில் ஒரு சொட்டு விடுவாள். கலையாமல் அடிக்குப் போகும். கடைசியில் போத்தலைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் ஒன்றும் உறையவில்லை என்று காட்டுவாள். "உறைஞ்சா சீனி!" அதைச் சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லும். அவளுடைய வியாபாரம் முழுக்க அந்த இரண்டு சொல்லில் நின்றது.

டுபாயில் ஒரு கடையில் வேலை செய்யும் தம்பி ஆகிப் ஆர்மேனியாச் சாமான் அனுப்புகிறேன் என்றபோது அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. மலைநாட்டுத் தேன், மூலிகைத் தேயிலை, காய்ந்த பழம். கண்டியில் யாரிடமும் கிடையாது. ஒரு மாதம் முழுக்க ஒவ்வொரு லைவிலும் அதையே சொன்னாள். நாலு பெட்டி வந்தது. பிரிக்கவில்லை. எந்தப் பெட்டியையும் முன்கூட்டிப் பிரிப்பதில்லை என்பது அவள் வைத்திருந்த சட்டம். பார்க்கிறவர்களோடு சேர்ந்துதான் அவளும் பார்ப்பாள்.

வெள்ளிக்கிழமை லைவ் தொடங்கியது. "கையை ஆட்டாதீங்க" என்று போனைப் பிடித்திருந்த றிஸ்வியிடம் சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்தாள்.

முதலில் ஒரு துணிப்பை. உள்ளே காய்ந்த குச்சியும் ஊதாப் பூவும். முகர்ந்தாள். "அல்லாஹ்வே, ஓமம்! ஓமமும் எலுமிச்சந்தோலும் சேர்ந்த மாதிரி ஈக்கி. இது தைம். இதைத்தான் அங்க மலையில புடுங்கிக் கொதிக்கவெச்சுக் குடிக்கிறாங்களாம்." அப்ரிகொட் பழத்தை வெளிச்சத்துக்குப் பிடித்தாள். உள்ளே விளக்கு எரிகிற மாதிரி இருந்தது. சுமாக் என்ற சிவப்புத் தூளை நாக்கில் வைத்துக் கண்ணை இறுக்கினாள். புளிப்பு. போன் திரையின் கீழே பார்க்கிறவர்களின் எழுத்துகள் ஓடின. மீனுக்குப் போடலாமா, கொறக்காப் புளிக்குப் பதிலா? விலை என்ன? சீக்கிரம் தேனைக் காட்டுங்க!

தேன் போத்தலின் மூடியைத் திறந்து கரண்டியை விட்டாள். கரண்டி போகவில்லை. அழுத்தினாள். போனது. கையை எடுத்தாள். கரண்டி நடுவில் அப்படியே நின்றது.

வெள்ளை மஞ்சளாய், மாஜரின் மாதிரி, அடிமுதல் வாய்வரை உறைந்த தேன்.

 அக்குறணைக் கைரியா மாமி எழுதினார். எந்த லைவிலும் முதல் ஆள் அவர்தான், நேரில் யாரும் கண்டதில்லை. *உறைஞ்சா சீனி.*

அதற்குப் பிறகு மழை. உறைஞ்சா சீனி. உறைஞ்சா சீனி. சிரிக்கிற முகங்கள். ஆகிப்பும் எங்கிருந்தோ நுழைந்தான்: *ராத்தா அங்க மலையில நல்ல தேன் எல்லாம் குளிருக்கு இப்படித்தான் ஈக்கும்.* உடனே ஒருத்தி: *தம்பி வேற என்னத்தச் செல்லுவாரு.*

றிஸ்வி போனுக்குப் பின்னாலிருந்து கழுத்தில் விரலை இழுத்துக் காட்டினான். வெட்டவா?

ஷஹ்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். வெட்டினால் நாளைக்குத் தேன் ஷஹ்மா என்ற பெயரோடு வெளியே இறங்க முடியாது. போத்தலை இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்தாள். ஓரம் இளகிப் பொன்னிறமாய் வழிந்தது. "பாருங்க!" என்றாள்.

*சீனியும் சுடுதண்ணீல கரையும் மகள்* என்றார் கைரியா மாமி.

இளகிய தேனில் நெருப்புக்குச்சியை முக்கி உரசினாள். பற்றியது. "இப்ப?"

மாமி விடவில்லை. *சீனிப்பாணிக்குப் பத்தாது எண்டு எப்பவாவது பத்த வெச்சுப் பார்த்தீங்களா?*

குச்சி விரலைச் சுட்டது. ஷஹ்மா உதறினாள். பார்த்ததில்லை. ஒரு நாளும் பார்த்ததில்லை. யாரோ சொன்னார்கள், அவள் செய்தாள், பற்றியது. சீனிக்கும் பற்றுமா என்ற கேள்வி அவளுக்கு வரவேயில்லை.

"பின்னால வாங்க" என்று றிஸ்வியிடம் சொல்லி எழுந்தாள்.

"எங்க?"

"குசினிக்கு."

"ஷஹ்மா, விசரா உனக்கு?" றிஸ்வி சத்தமாகவே கேட்டுவிட்டான். அதுவும் லைவில் போனது. காத்தான்குடிவரை சிரித்தார்கள்.

சட்டியில் சீனி கொட்டித் தண்ணீர் விட்டுக் காய்ச்சினாள். பார்க்கிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். பாணி திக்காகிக் கம்பி இழுத்தது. ஊதி ஆற்றினாள்.  குச்சியை முக்கி உரசினாள்.

குப்பென்று பற்றியது.

தண்ணீரில் ஒரு சொட்டு விட்டாள். கலையாமல், அழகாக, அடிக்குப் போனது.

ஷஹ்மா சிரிக்கத் தொடங்கினாள். முந்தானையால் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. "நாலு வருஷம்! நாலு வருஷமா நான் உங்களுக்குக் காட்டினது ஒண்டுக்கும் உதவாது. நீங்களும் பார்த்துக்கொண்டு ஈந்தீங்க. பத்துறதும் பொய், இறங்குறதும் பொய். அப்ப உறைஞ்சா சீனி எண்டதும் நான் செல்லித்தானே உங்களுக்குத் தெரியும்?"

*அப்ப எதை நம்புறது?* தெல்தெனியவிலிருந்து ரபீகா.

"என்னை நம்ப வேணாம். நாக்கு ஈக்கில்ல? நாளைக்குக் காலையில வாங்க. தண்ணி கொதிச்சுக்கொண்டு ஈக்கும். குடிங்க, நக்கிப் பாருங்க. சீனியெண்டா சீனியெண்டு எண்ட முகத்துக்குச் செல்லிட்டுப் போங்க."

போன் அணைந்தது. "இனி யாரும் வர மாட்டாங்க" என்றான் றிஸ்வி. அவளும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் கோப்பைகளைக் கழுவி வைத்தாள்.

காலையில் முதல் திரீவீல் வந்தது. பின்னால் இன்னொன்று. முற்றம் நிறைந்தது, கதிரை போதவில்லை, மாடிப்படியில் உட்கார்ந்தார்கள். வந்தவர்களில் பாதிப்பேர் பையில் சொந்தத் தேன் போத்தலைக் கொண்டுவந்திருந்தார்கள். "இதைக் கொஞ்சம் பாருங்க ஷஹ்மா, நல்லதா?"

"எனக்குத் தெரியாது."

"நீங்க தெரியாதெண்டா வேற யாருக்குத் தெரியும்?"

தைம் கொதித்து மணம் ரோட்டுவரை போனது. "பிள்ளை பெத்த நேரம் எனக்குத் தந்த கசாயம் இது!" என்று ஒருத்தி பாதியிலேயே கோப்பையை வைத்தாள். பக்கத்திலிருந்தவள் அதையும் எடுத்துக் குடித்தாள். தேனை விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்கள். வாய்க்குள் உருட்டினார்கள். பூ மாதிரி ஈக்கி என்றார்கள். மெழுகு மாதிரி என்றார்கள். சீனி என்று ஒருவரும் சொல்லவில்லை. சீனியில்லை என்றும் சொல்லவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரும் வாங்கவில்லை.

அப்போது குள்ளமான ஒரு மனுசி கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு வந்தார். "நான் கைரியா" என்றார். முற்றம் முழுக்கத் திரும்பியது.

உட்காரவில்லை. கைப்பையிலிருந்து பேக்கரிப் பாண் பாதி எடுத்தார். "கத்தி தாங்க." ஒரு துண்டு வெட்டி, உறைந்த தேனை வழித்துப் பூசினார். ஒரு கடி. கண்ணை மூடி மென்றார். 

பிறகு மாமி யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். பாண் துண்டைக் கவிழ்த்துப் பிடித்தார். உதறினார். ஒரு துளி விழவில்லை.

"வடியல்ல" என்றார்.

"ஓ மாமி, வடியாது."

"எண்ட மருமகள் ஒவ்வொரு நாளும் வெள்ளை ஸ்கூல் சட்டையில தேன் கறை கழுவுறா. பேரன்மார் மூணு பேரு." மிச்சத் துண்டையும் வாயில் போட்டார். "ருசி சீனியில்ல. ரெண்டு போத்தல் தாங்க. உருக்கினது வேணாம், கரண்டி நிக்கிறது."

"மாமி, நேத்து முதல்ல சீனியெண்டு எழுதினது நீங்கதானே!" மாடிப்படியிலிருந்து யாரோ.

"எழுதினேன்தான். அழிக்கவும் மாட்டேன். நாக்குல வைக்காம எழுதினது அது. இப்ப வெச்சிட்டேன்."

முற்றமெல்லாம் கை நீண்டது. மாமியின் பாண் முடிந்தது. எல்லோருக்கும் கவிழ்த்துப் பார்க்க வேண்டியிருந்தது.

"ஓடுங்க, பேக்கரிக்கு!" என்று ஷஹ்மா கத்தினாள்.

"எத்தனை?" றிஸ்வி ஏற்கனவே படலையில் நின்றான்.

"ஈக்கிறதெல்லாம்!"