தலைக்குக் குளித்த நாள்

நாள் தள்ளிப்போனதை என் கணவரிடம்கூட ஒரு வாரம் சொல்லவில்லை. பரிசோதனை அட்டையை முகப்பேரில் வாங்கவில்லை. எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர் வாய் சும்மா இருக்காது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை முடிந்து வரும்போது, முகம் தெரியாத கடை ஒன்றில் வாங்கினேன். இரண்டு கோடு விழுந்த அட்டையைத் தாளில் சுற்றி ஆபீஸ் குப்பையில் போட்டேன். வீட்டுக் குப்பையை யார் கிளறப் போகிறார்கள் என்று கேட்காதீர்கள். நான் சூடு கண்ட பூனை.

முதல் தடவை, தெரிந்த மறுநாளே சுகாதார நிலையத்தில் போய்ப் பதிந்தேன். ஆதார், போன் நம்பர், கடைசியாக விலக்கான தேதி, கேட்டதையெல்லாம் கொடுத்தேன். மூன்றாம் மாதம் கலைந்துவிட்டது. அழுதுகொண்டே போய்ச் சொன்னேன். குறித்துக்கொள்கிறோம் என்றார்கள். ஆனால் போன் நிற்கவில்லை. பதிவு செய்த குரல் ஒன்று மாதாமாதம் கூப்பிட்டு, என் குழந்தை வயிற்றில் வளர்வதைச் சொன்னது. பிறகு தடுப்பூசிக்கு அழைத்தது. குழந்தை நலமாக இருந்தால் ஒன்றை அழுத்தவும், இல்லையென்றால் இரண்டை அழுத்தவும். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. என் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்க இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது? நான்தான், கையெழுத்துப் போட்டு.

அதனால் இந்த முறை மூன்று மாதம் தாண்டும்வரை மூச்சு விடுவதில்லை என்று இருந்தேன்.

ஒரு சனிக்கிழமை காலிங்பெல் அடித்தது. வீடு வீடாகக் கணக்கெடுக்கும் சுகாதார அக்கா, கையில் டேப்லெட்டோடு நின்றார். அதற்குள் இவருக்கு மூக்கில் வேர்த்துவிட்டதோ என்று பார்த்தேன்.

“இன்னாம்மா, மொகமே சோந்து கீது?”

“வெயில்தான்க்கா.”

சின்ன டப்பா ஒன்றை நீட்டினார். “இதுல கொஞ்சம் யூரின் புடிச்சுக் குடு. சக்கர பாக்கணும்.”

சர்க்கரைக்கு விரலில் குத்துவார்கள் என்று எனக்குத் தெரியாதா? “இப்பதான் போய்ட்டு வந்தேன்க்கா.”

“தண்ணி குடி. நான் குந்திகினு கீறேன்.”

தண்ணீர் குடித்தேன். வரவில்லை என்றேன். அவரும் விடுவதாக இல்லை. “சரி, கடசியா எப்போ தலைக்குக் குளிச்ச?”

விலக்கு முடிந்து குளித்த நாளைத்தான் கேட்கிறார். பெண்களுக்குள் அதற்கு வேறு அர்த்தம் இல்லை. ஆனால் முந்தின நாள் வெள்ளிக்கிழமை. சீயக்காய் வாசனை இன்னும் என் தலையில் இருந்தது.

“நேத்துதான்க்கா.”

பொய் இல்லையே! டேப்லெட்டில் தட்டிவிட்டு என்னைப் பாவமாகப் பார்த்தார். “கவலப்படாத. அடுத்த மாசம் நிக்கும்.”

நான்காம் மாதம் நானே சுகாதார நிலையத்துக்குப் போனேன். பதிவு எண் இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டும் என்கிறார்கள், வேறு வழி? அங்கே அதே அக்காதான் உட்கார்ந்திருந்தார்.

“அன்னிக்கு நேத்துதான் குளிச்சேன்னியே?”

“வெள்ளிக்கிழமையாச்சே, குளிக்காம இருப்பேனாக்கா?”

“குளிக்காமத்தான் இருந்துகீற!” என்று முறைத்தவர் சிரித்துவிட்டார். திரையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. “இன்னாம்மா இது? உனக்கு ஏற்கெனவே ஒரு கொழந்த கீதுன்னு காட்டுது. ஒன்ற வயசு. ஊசிதான் எதுவுமே போடல.”

“அது கலைஞ்சிடுச்சுக்கா. அப்பவே வந்து சொன்னேன்.”

“எவனோ தப்பா ஏத்திக்கீறான். இரு, எடுத்துடறேன்” என்று விரலைத் திரையருகே கொண்டுபோனார்.

இதற்காகத்தான் இத்தனை நாள் இவர்களைத் திட்டித் தீர்த்தேன். எடுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. எங்குமே இல்லாத என் பிள்ளைக்கு அங்கே மட்டும் வயது ஏறிக்கொண்டிருந்தது.

“இருக்கட்டும்க்கா,” என்றேன். “போன் வந்தா நான் எடுத்துக்கறேன்.”